அனுமதியின்றி வேலை செய்ததுண்டா

ஒரே ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதுவும் என் கையெழுத்து.

என் கணவன் தோவோவுக்கு நிரந்தர வதிவுரிமை கேட்டு ஆகஸ்டில் நாங்கள் அனுப்பிய கோப்பு, அக்டோபர் கடைசியில் அப்படியே முழுசாகத் திரும்பி வந்தது. கல்யாணப் படங்கள், இரண்டு வருஷத்துக் கடிதங்கள், போலீஸ் சான்றிதழ்கள், எல்லாம் அடுக்குக் குலையாமல் இருந்தன. மேலே ஒரு தாள்: பதினோராம் பக்கத்தில் பொறுப்பேற்பவர் கையெழுத்திடவில்லை, ஆகவே இதைப் பரிசீலிக்க இயலாது. கோப்போடு சேர்த்து அனுப்பியிருந்த வேலை அனுமதி விண்ணப்பமும் அதனாலேயே செத்துப்போனது. மிச்சமிருந்தது, ஜூலையில் விமான நிலையத்தில் அவன் கடவுச்சீட்டில் குத்திய வருகையாளர் முத்திரை ஒன்றுதான். ஜனவரி பத்தொன்பது வரை இருக்கலாம். வேலை செய்யக் கூடாது.

கையெழுத்தைப் போட்டு மறுநாளே திரும்ப அனுப்பிவிட்டேன். ஆனால் அது மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அதற்குள் பத்தொன்பதாம் தேதி வந்துவிடும்.

நாங்கள் இருந்தது கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையில், பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரில், என் அண்ணன் ரெஜானின் நிலத்தின் பின்கோடியில் இருந்த டிரெய்லர் வீட்டில். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். முன்பு ஒரு வருஷம் மடகாஸ்கரில், அந்த்சிராபே என்ற ஊரின் மருத்துவமனைக்குத் தொண்டு வேலைக்குப் போயிருந்தபோதுதான் தோவோவைப் பார்த்தேன். அவன் அங்கே மாட்டு வைத்தியருக்கு உதவியாளன். கன்று குறுக்கே கிடந்தால் தோள்வரை கையை விட்டுத் திருப்பி வெளியே எடுப்பான். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒன்றும் நடக்காதது போலச் சோறு தின்ன உட்காருவான். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் நான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

ரெஜான் மிங்க் வளர்க்கிறான். கீரிப்பிள்ளை அளவில், பளபளவென்ற ரோமத்தோடு இருக்கும் பிராணி. நீளநீளமான கொட்டகைகளில், கம்பிக்கூண்டுக்கு ஒன்றாக, நாலாயிரம். மீன் கழிவையும் கோழிக் குடலையும் கூழாக அரைத்துக் கூண்டின் மேல் அப்பிவிடுவார்கள். கீழே பீ குவியும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ஜன்னலைத் திறக்க முடியாது. குளிர் இறுகி ரோமம் அடர்ந்ததும், நவம்பர் கடைசியில், இனவிருத்திக்கு வேண்டியவற்றை விட்டுவிட்டு மற்றதைக் கொன்று தோலுரிப்பார்கள்.

அந்த வருஷம் நவம்பர் கடைசித் திங்களன்று சிங்கி இறால் படகுகள் கடலுக்குப் போனபோது ரெஜானின் ஆட்கள் மூன்று பேரும் படகேறிவிட்டார்கள். தோல் விலை விழுந்து கிடந்தது. அவன் கொடுப்பதைவிட மூன்று மடங்கு படகில் கிடைக்கும்போது யார் நிற்பார்கள்? செவ்வாய் காலை அவன் எங்கள் கதவைத் தட்டினான்.

"மச்சான் சும்மாதானே உக்காந்திருக்கான்? ரெண்டு நாளு கைகுடுக்கச் சொல்லு, லிசெட்."

"அவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்ல, ரெஜான்."

"வேலைன்னு யாரு சொன்னா? குடும்பம்டி இது. என் கொட்டகையில என் மச்சான் ஒத்தாசை பண்ணினா கவர்மென்டுக்கு என்னா வலி?"

தோவோ ஏற்கெனவே பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். நான்கு மாதமாக என் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, பனியைப் பார்த்துக்கொண்டு, நான் வருவதற்குள் வீட்டை மூன்று முறை பெருக்கிக்கொண்டு இருந்தவன். "போயிட்டு வர்றேன். மிருகங்கதானே. எனக்குத் தெரிஞ்ச விஷயம்" என்றான்.

அவனுக்குத் தெரிந்த விஷயம் அல்ல அது. அவன் கன்றுகளை உயிரோடு வெளியே எடுத்தவன்.

இரண்டு நாள் ஐந்து வாரமானது. ரெஜான் மிங்குகளைப் பிடித்துப் புகைப்பெட்டியில் போடுவான். தோவோ செத்ததை எடுத்துத் தோலை உருவி, கவிழ்த்து மரக்கட்டையில் மாட்டி, கத்தியால் கொழுப்பைச் சுரண்டுவான். காலை ஆறு முதல் இருட்டும்வரை. உரித்த உடல்கள் தொட்டியில் செக்கச்செவேலென்று குவிந்து கிடக்கும். வீட்டுக்குள் நுழையும்போதே அந்த நெடி முன்னால் வரும். மிங்கின் வாலடியில் இருக்கும் சுரப்பி உடைந்த நெடி, ஊசிப்போன கொழுப்பின் நெடி. அவன் தலையில், தலையணையில், என் கழுத்தில். துணியை மூன்று முறை துவைத்தும் போகவில்லை. இறைச்சி தின்பதை விட்டுவிட்டான். அவன் ஊர்ப் பழக்கப்படி அடிப்பிடித்த சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

எங்கள் கரையில் யாரும் யாரையும் 'நீங்க' என்று கூப்பிடுவதில்லை. தோவோ மட்டும் ரெஜானை 'நீங்க, உங்க' என்றே பேசுவான். மூத்தவர் என்ற மரியாதை. ரெஜான் அதைப் படகுத்துறையில் போய் நடித்துக் காட்டுவான். "நீங்க கத்தியக் குடுங்க ஐயா!" என்று குரலை மாற்றிச் சொல்வானாம். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம். அதைக்கூட எனக்கு வந்து சொன்னவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முத்திரையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். வாடகை இல்லாத வீடு, அண்ணன் மனம் கோணக்கூடாது, அம்மா வருத்தப்படுவாள் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். ஒரு சனிக்கிழமை நானே அவனுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டிக் கொட்டகை வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

தோலுரிப்பு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு முடிந்தது. ஜனவரி முதல் சனிக்கிழமை, வருகையாளர் காலத்தை நீட்டிக் கேட்கும் விண்ணப்பத்தை நிரப்ப நூலகத்துக்குப் போனோம். அங்கே கொலெட் என்ற நூலகர், புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்குப் படிவம் நிரப்ப வாரம் ஒரு நாள் உதவுவாள். அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பாள்.

"முத்திரைத் தேதிக்கு முன்னால அனுப்பிட்டா போதும். பதில் வர்றவரைக்கும் அவன் இங்க இருக்கறது சட்டப்படிதான். நடுவுல யாரும் போன்னு சொல்ல முடியாது. பயப்படாதீங்க" என்றாள்.

பெயர், பிறந்த தேதி, ஏன் இன்னும் தங்க வேண்டும், செலவுக்கு யார் பொறுப்பு. நான் தட்டிக்கொண்டே போனேன். பிறகு திரையில் அந்தக் கேள்வி வந்தது. கனடாவில் எப்போதாவது அனுமதியின்றி வேலை செய்ததுண்டா? ஆம். இல்லை.

என் விரல் 'இல்லை'க்குப் போய்விட்டது. தோவோ என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நில்லு. அது பொய்."

"எது பொய்? உனக்கு யாராவது சம்பளம் குடுத்தாங்களா?"

"சம்பளம் வாங்கினியான்னு கேக்கல. வேலை செஞ்சியான்னு கேக்குது."

"அது வேலை இல்ல தோவோ. குடும்பத்துக்கு ஒத்தாசை."

சொல்லி முடிக்கும்போதே அது ரெஜானின் வாய் என்று எனக்குக் கேட்டது. தோவோ தன் கைகளை மேசைமேல் வைத்தான். சுரண்டுகத்தி வழுக்கிக் கிழித்த தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. "இத என்னன்னு சொல்றது?" என்றான்.

கொலெட் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் வக்கீல் இல்ல. ஆனா தெரிஞ்சவங்க இருக்காங்க" என்று ஹாலிஃபாக்ஸில் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். அந்தப் பெண் சுற்றி வளைக்கவில்லை. இன்னொருவனைக் கூலிக்கு வைத்துச் செய்யவேண்டிய வேலையென்றால் சும்மா செய்தாலும் அது வேலைதான். இல்லையென்று எழுதிப் பிடிபட்டால் ஐந்து வருஷம் இந்த நாட்டுக்கு விண்ணப்பமே போட முடியாது. நிரந்தர வதிவுரிமையும் போய்விடும். உண்மையை எழுதினால்? "மனைவி பொறுப்பேத்துக்கிட்ட ஆள்ங்கறதால அந்தப் பெரிய கோப்புல இந்தத் தப்பைப் பெரும்பாலும் பொறுத்துப்பாங்க. இந்த நீட்டிப்பைத் தருவாங்களா மாட்டாங்களான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. என்ன நடந்ததுன்னு ஒரு கடிதம் வைங்க. வேலை வாங்கினவரும் ஒரு கடிதம் குடுத்தா நல்லது."

போனை வைத்ததும் கொலெட், "கூடவே குடும்பத்தோட சேந்து எடுத்த படம் நாலஞ்சு வைங்க. உங்க அண்ணன் பக்கத்துல ஏதாவது இருக்குமே" என்றாள்.

ரெஜானின் முகநூலைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் விருந்துப் படம் இருக்கும் என்று நினைத்தேன். முதலில் வந்தது ஒரு வீடியோ. கொட்டகை. ஏப்ரன் முழுக்கக் கொழுப்பும் ரத்தமுமாகத் தோவோ குனிந்து ஒரு தோலை உருவுகிறான். யாரோ எடுப்பது தெரிந்து நிமிர்ந்து, மரியாதைக்குச் சிரிக்கிறான். மேலே ரெஜான் எழுதியிருந்தான்: "வீட்டுக்குப் புது மெஷின். மடகாஸ்கர் தயாரிப்பு. சோறு மட்டும் போட்டா போதும்."

கீழே எண்பத்தாறு பேர் சிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். என்னோடு பள்ளியில் படித்தவர்கள். என் ஞானத்தாயின் மகன். கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் லொரெத், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வரவழைச்சுத் தா ரெஜான்" என்று எழுதியிருந்தாள். அதற்கு ரெஜான்: "என் தங்கச்சிகிட்ட கேளு, போய்ப் புடிச்சுட்டு வருவா."

எழுந்து போய் நூலகக் கழிவறையில் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது கொலெட் திரையை அணைத்திருந்தாள். தோவோ கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீ இத முன்னாடியே பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"என் அக்கா பாத்தா. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் போன் பண்ணினா. அம்மாகிட்ட காட்டலன்னு சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நாள். உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, கோழிச்சாற்றில் ஊறவைத்து வேகவைக்கும் ராப்பூரைப் பெரிய தட்டில் வைத்திருந்தாள். பிசுபிசுவென்று சாம்பல் நிறமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து எனக்கு உயிர். அன்றைக்கு அதைப் பார்க்கவே கொட்டகைத் தொட்டி ஞாபகம் வந்தது. ரெஜான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, மேலே வெல்லப்பாகை ஊற்றி, வாயோரம் வழிய வழியத் தின்றுகொண்டிருந்தான்.

"ரெஜான், ஒரு கடிதம் வேணும். தோவோ உன் கொட்டகையில அஞ்சு வாரம் நீ கேட்டுத்தான் வேலை செஞ்சான், சம்பளம் இல்ல, இப்ப நிறுத்தியாச்சுன்னு."

"யாரு வேலை செஞ்சா?" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அவன் பொழுதுபோக்குக்கு வந்தான். நான் அப்படி எழுதிக் குடுத்தா என் கொட்டகைக்கு இன்ஸ்பெக்டர் வருவான். அபராதம் நீ கட்டுவியா? இல்லைன்னு அழுத்திட்டு வா. அம்பதாயிரம் பேரு அப்படித்தான் அழுத்தறான்."

"பொய் சொன்னா அஞ்சு வருஷம் தள்ளி வெச்சிருவாங்க."

"யாரு போய்ச் சொல்லப் போறா?"

"நீயே ஊருக்கெல்லாம் வீடியோ போட்டு வெச்சிருக்க."

ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். "அது தமாஷு, லிஸ். உனக்கு ஊரு விட்டுப் போய் வந்ததுல தமாஷே மறந்துபோச்சு. மச்சானே சிரிக்கறான் பாரு அதுல. என்னா மச்சான்?"

தோவோ கரண்டியைக் கீழே வைத்தான். "நீ அந்த வீடியோவ அழிச்சுடு. நான் இனிமே கொட்டகைக்கு வரமாட்டேன்."

அவன் முதல் தடவையாக 'நீ' என்று பேசியது ரெஜானுக்கு உறைத்தது. முகம் சிவந்தது.

"வரமாட்டியா? ஏப்ரல்ல நாலாயிரம் குட்டி போடும், அத எவன் பாப்பான்? யாரு வீட்டுல இருக்க நீ? யாரு கரண்ட்டுல குளிர்காயற? ஒரு போனு போதும் எனக்கு. இந்த ஆளு வேலை அனுமதி இல்லாம அஞ்சு வாரம் தோலுரிச்சான்னு சொன்னா, நாளைக்கே மூட்டை கட்டிருவ."

ஐந்து நிமிஷம் முன்பு பொழுதுபோக்கு, இப்போது வேலை. ஒரே வாயில், ஒரே கவளம் உருளைக்கிழங்கு இன்னும் உள்ளே இருக்கும்போதே. என் அண்ணனின் தாடையில் வழிந்த வெல்லப்பாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே அந்த வாயைத் துடைக்க நான் எத்தனை தடவை துணி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைக்க எனக்கே கூசியது.

"மம்மா, கேட்டியா?" என்றேன்.

அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். "சாப்பாட்டு நேரத்துல கவர்மென்டு பேச்செல்லாம் எதுக்கு? அவன் சொல்ற மாதிரி செஞ்சுட்டுப் போங்களேன். எவ்வளவு நாளா உங்களுக்கு வீடு குடுத்திருக்கான். வெளிநாட்டுக்காரன்னு ஊரு என்னென்னமோ சொன்னப்பவும் உன் அண்ணன்தானே சேத்துக்கிட்டான்?"

"என்னென்னமோன்னா என்ன, மம்மா?"

"விடுடி. காகிதத்துக்காகக் கட்டிக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? எனக்கே ஆரம்பத்துல..." தோவோ அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அவளுடைய காலுறைகளை மாட்டிவிட, கூரைப் பனியைத் தள்ள, வாரத்துக்கு மூன்று தடவை போய் வந்தவன்.

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். யாரும் கூப்பிடவில்லை.

அன்று மாலை டிரெய்லரின் சமையலறை மேசையில் கடிதத்தை நானே எழுதினேன். ரெஜானைத் திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் என் பங்கு வரவே இல்லை. இரண்டாவது தடவை சுருக்கமாக எழுதினேன். என் கணவர் ஐந்து வாரம்... என்று தொடங்கியதும் தோவோ திருத்தினான். ஐந்து வாரமில்லை, நவம்பர் இருபத்தேழு முதல் டிசம்பர் இருபத்துமூன்று வரை நான்கு வாரம்தானாம். அவனுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கிருந்தது. எனக்கு மட்டும்தான் அது ஐந்தாக நீண்டிருந்தது. "அது சட்டப்படி கூடாது என்று எனக்குத் தெரியும். அவரைத் தடுக்க வேண்டியது நான். தடுக்கவில்லை" என்று எழுதினேன். தோவோ படித்துவிட்டு, "கடைசி ரெண்டு வரி வேணாமே" என்றான். இருக்கட்டும் என்றேன்.

புதன்கிழமை கொலெட்டின் கணினியில் 'ஆம்' என்று அழுத்தி, கடிதத்தையும் ரெஜானின் வீடியோப் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினோம். அந்த எண்பத்தாறு பேரின் சிரிப்பும் அரசாங்கத்தின் கோப்புக்குள் போனது. எவரோ ஒருவர் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து என் புருஷன் ரத்த ஏப்ரனோடு நிற்பதைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தபோது, இதைவிட எங்கள் படுக்கையறையைப் படமெடுத்து அனுப்பியிருக்கலாம் போலிருந்தது.

அதே வாரம் வீடு மாறினோம். பக்கத்து நகரமான யார்மவுத்தில் ஒரு சலவை நிலையத்தின் மாடியில் ஒற்றை அறை. கீழேயிருந்து சோப்பு வாசனை நாளெல்லாம் மேலே வரும். ரெஜான் வீடியோவை அழித்துவிட்டான். வேலைக்குப் பயந்து வெளிநாட்டுக்காரன் ஓடிவிட்டான் என்று படகுத்துறையில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் யாருக்கும் போன் செய்யவில்லை. செய்தால் தானும் மாட்டுவான் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது. பத்தொன்பதாம் தேதி தாண்டிய பிறகு, மாடிப்படியில் கனத்த காலடி கேட்டால் தோவோ பேச்சை நிறுத்திவிடுவான். சட்டப்படிதான் இருக்கிறோம் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

ஏப்ரல் நடுவில் பதில் வந்தது. நான் இல்லத்தில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தேன். அடுத்த ஜனவரி வரை இருக்கலாம். வேலை செய்யக் கூடாது. என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரிய கோப்பு சேர்ந்துவிட்டது, வரிசையில் இருக்கிறது. வேலை அனுமதி தனியாக வரும். குதிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கிழவரின் முதுகைத் துவட்டி முடித்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு மதியம் தெருவில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ரெஜானின் லாரி. இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை ஆட்டினான். தோவோ என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே இறங்கிப் போனான். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னா மச்சான், காகிதம் கெடைச்சிருச்சாமே! மம்மா சொன்னா. பாத்தியா, நான் ஒண்ணும் பண்ணல." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "குட்டி போட ஆரம்பிச்சிருச்சுடா. வேலைக்கு வெச்ச ரெண்டு பசங்களும் நேத்து நின்னுட்டானுங்க. தாய்ங்க குட்டியக் கடிச்சுத் திங்குதுங்க, எனக்குத் தனியாப் பாக்க முடியல. பிரசவம் பாக்கறது உனக்குக் கைவந்த கலையாச்சே. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் வா."

தோவோ குட்டிகளை நினைத்தான் என்று எனக்குத் தெரியும். அவனால் நினைக்காமல் இருக்க முடியாது.

"முடியாது" என்றான்.

"நான் உனக்கு என்னா கொற வெச்சேன், சொல்லு?"

"கால்நடை வைத்தியருக்குப் போன் போடு. கூண்டுக்குள்ள கொஞ்சம் வைக்கோல் அதிகமாப் போடு. சத்தம் போடாத, மிரண்டாத்தான் தின்னும். நான் வரமாட்டேன்."

"அட, மரியாதை தெரியாத ஜென்மம்!" என்று கத்திவிட்டு, ரெஜான் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். "லிஸ், நீயாவது சொல்லு இவனுக்கு!"

என் வாய் திறந்துவிட்டது. 'மன்னிச்சிடு ரெஜான், அவன் களைப்பா இருக்கான்' என்ற வாக்கியம் முழுசாக நாக்கு நுனியில் வந்து நின்றது, முப்பது வருஷப் பழக்கத்தில். அதுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. கீழே நிற்கிறவன்கூட அவ்வளவு இல்லை. வாயை மூடிக்கொண்டு ஜன்னலையும் மூடினேன்.

ஹாரன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. பிறகு லாரி கிளம்பும் சத்தம். தோவோ படியேறி வந்து, கையைக் கழுவிவிட்டு, எனக்கும் அவனுக்கும் சோறு போட்டான்.